போதகர் இன்று இளைப்பாறுகிறார்

2018 ஜூலை 10, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். தண்ணீர் கொதிக்க வைத்தேன். முன்விளக்கை அணைத்துவிட்டு மிஷன் வீட்டுக் கேற்றைத் திறந்து வைத்தேன். வேலைக்குப் போகிற வழியில் ஜெபத்துக்காக வருகிறவர்கள் விடிவதற்கு முன்பே வந்து நிற்பது வழக்கம். அன்று மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்கு மகளின் பரீட்சை, ஒருவருக்கு இடுப்புவலி, மூன்றாமவருக்குப் புதிதாக வாங்கிய கைத்தொலைபேசி. மூன்றுக்கும் ஜெபித்தேன். தொலைபேசியின் மேல் கைவைத்து ஜெபித்துக்கொண்டிருந்தபோது அது மணியடித்தது. அவர் அதை என் கைக்குக் கீழிருந்து மெதுவாக உருவி எடுத்து, "ஹலோ, பொறு, ஐயா ஜெபிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு, "நீங்க தொடருங்க ஐயா" என்றார். தொடர்ந்தேன்.

இந்த வருடம் ஊழியத்துக்குள் வருகிற தம்பி தங்கைமாரே, ஊழியத்தில் வரும் சோர்வைப் பற்றி உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். சபைப் பொறுப்பை விட்டு நான் விலகி இப்போது ஒரு வருடம் ஆகிறது. 'விலகி' என்று எழுதுவதைக் கவனியுங்கள். நம் நாட்டில் இதற்கு வேறொரு நல்ல சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கதை. சோர்வுக்கு இத்தனை காரணங்கள், அதற்கு இத்தனை மருந்துகள் என்று எழுத எனக்குத் தெரியாது. அந்த ஒரு செவ்வாய்க்கிழமையை மட்டும் எழுதுகிறேன்.

அப்போது நான் அலுவிகாரையில் ஒரு சபைக்குப் போதகராக இருந்தேன். சபை சிறியது, அதன் எல்லைதான் பெரியது. மாத்தளை நகரத்துக் கடைகளில் வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில், தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் இருந்தார்கள். லக்கலயில் ஒரேயொரு குடும்பம் இருந்தது. எல்லோரிடமும் நானே போனேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் போகாவிட்டால் இந்தச் சபை சிதறிவிடும் என்று நம்பினேன், அவ்வளவுதான்.

சோர்வு வந்தால் அழுகை வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு அப்படி வரவில்லை. முதலில் வந்தது தூக்கம். ஒரு வீட்டுக் கூட்டத்தில், ஜெபத்தின் நடுவே, நின்றபடியே தூங்கிவிட்டேன். எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் விழித்து "ஆமென்" என்றபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கு ஐயா பண்ணின மௌன ஜெபம் மாதிரி ஒண்ணு நாங்க கண்டதே இல்ல" என்று அந்த வீட்டம்மா பலரிடம் சொன்னார். அடுத்த வாரம் இன்னொரு வீட்டிலும் அதே மௌன ஜெபத்தைக் கேட்டார்கள்.

இரண்டாவதாக வந்தது மோசமானது. யோசேப்பு அண்ணன் என்று ஒருவர். தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் தலைவர். யாராவது இறந்துவிட்டால் கூடாரம், கதிரை, வெள்ளைக்கொடி எல்லாம் அவர் பொறுப்பு. அவர் புதிதாக ஒரு முச்சக்கர வண்டி எடுத்து, அதை ஜெபித்துத் தரும்படி கேட்டார். லயத்து ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் வண்டியின் கூரையில் கைவைத்தேன். பழக்கத்தில் வாய் தானாகப் பேசியது. "நம்மை விட்டுப் பிரிந்த இந்தச் சரீரத்தை நிலத்துக்கு ஒப்புக்கொடுக்கிறோம்" என்ற இடத்துக்கு வந்தபோதுதான் சுற்றிலும் இருந்த அமைதி எனக்குக் கேட்டது.

யோசேப்பு அண்ணன் வெளிறிப்போனார். "ஐயா, லீசிங் கடனே இன்னும் முடியல. அதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமும் வரவில்லை. அவர் தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். உள்ளே ஒன்றுமே அசையவில்லை என்பதுதான் என்னைப் பயப்படுத்தியது. அன்றே முடிவெடுத்தேன். எங்கள் சபைகளுக்கெல்லாம் மேற்பார்வையாளரான மூத்த போதகர் கண்டியில் இருந்தார். அவருக்குத் தொலைபேசி எடுத்து, வியாழக்கிழமை வந்து சந்திக்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார், நேரில் சொல்கிறேன் என்றேன். சொல்ல இருந்தது ஒரே வாக்கியம். ஊழியத்தை விடுகிறேன்.

என் மனைவி கிறேஸ் மாத்தளையில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. அவளிடம் சொன்னபோது அவள் என்னைத் தடுக்கவில்லை.

"விடுறதுன்னா விடுங்க. ஆனா தூங்கி எழும்பின மனுசனா போய் விடுங்க. இப்ப நீங்க எடுக்கிறது முடிவு இல்ல, கொட்டாவி."

செவ்வாய்க்கிழமை ஒரு நாள் முழுவதும் ஓய்வு என்று அவளே தீர்மானித்தாள். அப்படி ஒரு நாள் கிடைத்த பிறகும் விட வேண்டும் என்று தோன்றினால், வியாழக்கிழமை அவளும் என்னோடு கண்டிக்கு வருவாள். ஆக, அந்த ஒரு நாளின் மேல்தான் எல்லாம் தொங்கியது. அதனால்தான் அந்த மூன்று பேரும் போனவுடன் அவள் கேற்றைச் சாத்திவிட்டாள்.

"சபை குறூப்புக்கு ஒரு செய்தி போடுங்க. இன்னைக்கு யாரும் வர வேணாம்னு. போட்டுட்டு போனை ஓஃப் பண்ணுங்க."

இங்கேதான் கவனம் தேவை. நம் தொழிலில் இருக்கிறவனுக்குச் சாதாரணமாக ஒரு செய்தி எழுத வராது. 'இன்றைக்கு நான் தூங்கப் போகிறேன், வராதீர்கள்' என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் போதகர் தூங்குகிறார் என்று எப்படி எழுதுவது? சபைக் குழுவுக்குப் போகும் செய்திகளில் போதகரைப் பற்றிப் படர்க்கையில்தான் எழுதுவோம். 'ஓய்வெடுக்கிறார்' என்பது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. வேதாகமத்தில் வருகிற சொல்லாக இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று நினைத்து, இருமுறை திருத்தி, இப்படி எழுதினேன்:

'கர்த்தருக்குள் அன்பானவர்களே, நம்முடைய போதகர் இன்று காலை முதல் இளைப்பாறுகிறார். யாரும் அவரை அழைக்க வேண்டாம். அவருடைய குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.'

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. ஆனால் முப்பது வருடமாக எந்தச் செய்தியையும் அந்த வாக்கியம் இல்லாமல் நான் முடித்ததில்லை. அனுப்பினேன். தொலைபேசியை நிறுத்தினேன்.

கிறேஸ் பாடசாலைக்குப் புறப்பட்டாள். அவளுக்கு அன்று கடுமையான தடிமன். மூக்கைத் துடைத்துக்கொண்டே கேற்றை வெளியால் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "உள்ள ஆள் இல்லன்னு நினைச்சுப் போயிடுவாங்க" என்றாள். நான் படுத்தேன்.

நான் தூங்கியபோது நடந்தவற்றைப் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அவர்கள் சொன்னது ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

செய்தியை முதலில் பார்த்தது எங்கள் சபைச் செயலாளர் எஸ்தர் அக்கா. நகரத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்குப் பார்க்கிறவர், அழாதவர், பதறாதவர். என் தொலைபேசிக்கு எடுத்தார், வேலை செய்யவில்லை. கிறேஸின் தொலைபேசிக்கு எடுத்தார். அது ஆசிரியர் அறை அலுமாரிக்குள் இருந்தது. கடை முதலாளியிடம், "எங்க போதகர் தவறிட்டாரு" என்று சொல்லி விடுப்பு எடுத்துக்கொண்டு, யோசேப்பு அண்ணனுக்குச் சொன்னார்.

யோசேப்பு அண்ணன் அந்தப் புதிய முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டி, ரத்தோட்டையிலிருந்து மேலே தோட்டம் தோட்டமாக என் மரணத்தை அறிவித்தார். பிறகு கொடிகளோடு மிஷன் வீட்டுக்கு வந்தார். கேற் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு முஸ்லிம் வியாபாரி நஸார் நானாவிடம் விசாரித்தார். நானா ஏலம், கராம்பு, மிளகு வாங்கி விற்கிறவர், எங்கள் பின்மதிலுக்கு அந்தப்பக்கம் அவருடைய முற்றம்.

"காலையில டீச்சர் அழுதுக்கிட்டே பூட்டிட்டுப் போனாங்க. மூக்கைத் துடைச்சித் துடைச்சி போனாங்க" என்றார் நானா. அவர் கண்டது அவ்வளவுதான், அதில் பொய்யில்லை. ஆகவே உடல் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று முடிவானது. மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினார்கள். அங்கே நான் இல்லை. 'அப்ப கண்டிக்குக் கொண்டு போயிட்டாங்க' என்று ஊகித்து, கூடாரம் போடத் தொடங்கினார்கள். கூடாரம் போட்ட இடம் எங்கள் சபைக் கோயிலின் வளவு, நான் தூங்கிய அறைக்கு நேர் எதிரே.

அப்போதுதான் அதிபர் வந்தார். பாடசாலைத் தலைமை ஆசிரியராக இருந்தவர், எங்கள் சபையில் எல்லோரும் அவரை அதிபர் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய வீட்டு வாசலில் இன்றும் 'இளைப்பாறிய அதிபர்' என்று பெயர்ப்பலகை இருக்கிறது. அவர் கையில் சந்தனமாலையும், பொட்டலம் கட்டிய ஒரு சுவர் மணிக்கூடும் இருந்தன. மலர்வளையத்தோடு நின்றவர்களைப் பார்த்து அவர் திகைத்தார்.

"யாரு செத்தது?"

"ஐயாதான். செய்தி பாக்கலியா சேர்?" என்றார் யோசேப்பு அண்ணன்.

"பாத்துட்டுத்தானே பிரியாவிடைக்கு வந்தேன். இளைப்பாறுகிறார்னு போட்டிருக்கு. வேலையில இருந்து நின்னுட்டாரு."

"சேர், கோயில்ல இளைப்பாறுறதுன்னா ஒண்ணுதான். கல்லறையில போய் வாசிச்சுப் பாருங்க."

"நான் இளைப்பாறி எட்டு வருசம். என்னை யாராவது புதைச்சீங்களா?"

"குடும்பத்துக்காக ஜெபிங்கன்னு போட்டிருக்கே!"

"புருசன் முழு நாளும் வீட்ல இருக்கப் போறான்னா, குடும்பத்துக்காக ஜெபிக்கத்தானே வேணும்?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நான் இறந்தவன் என்று ஒரு பாதி, நான் ஓய்வுபெற்றவன் என்று மறு பாதி. கூடாரமும் கதிரையும் இரண்டுக்கும் பொது என்பதால் வேலை நிற்கவில்லை. நான் களைத்தவன் என்று நினைத்தவர் ஒருவரும் இல்லை.

இரண்டு மணிக்குச் சற்று முன்பு சுத்தியல் சத்தத்தில் விழித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. யன்னல் சீலையை விலக்கினேன். வெள்ளைக்கொடிகள் வீதி நெடுகப் போயிருந்தன. தோட்டத்து லொறி ஒன்று நின்றது. பெண்கள் வெள்ளைச் சேலையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் சபையில் யாரோ இறந்துவிட்டார்கள், நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன்! அந்த நொடியில் பெற்ற தூக்கம் முழுவதும் பாழாகிப்போனது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கண்ணை மூடியதற்கு இது.

முகம் கழுவி, வெள்ளை அங்கியை மாட்டி, ஆராதனைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். கேற் பூட்டியிருந்தது. வீதியில் நின்றவர்கள் எல்லோரும் கூடாரத்துப் பக்கம் திரும்பியிருந்தார்கள். கத்திக் கூப்பிடுவது மரியாதையில்லை என்று நினைத்து வீட்டின் பின்னால் போய், தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். நஸார் நானா பாய் விரித்து மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"நானா, யாரு மவுத்து?"

நானா நிமிர்ந்தார். வெள்ளை அங்கியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த மிளகு ஒவ்வொன்றாக விழுந்தது.

"நீங்கதான் ஐயா."

"நானா?"

"நீங்கதான். காலையில இருந்து. ரெண்டு தரம் கடையை மூடிட்டு வந்து கவலை சொல்லிட்டுப் போயிருக்கேன். எத்தனை தரம் ஐயா கவலைப்படுறது?"

பிறகு அவர் கைகழுவி, ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். "மவுத்தான ஆளை மதில் தாண்ட வைக்கிறது எங்கட மார்க்கத்துல சரியாண்டு தெரியா. எறங்குங்க. அங்கி கிழியாம எறங்குங்க." நான் இறங்கி முடித்ததும் அவர் என் தோளை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். தோள் இருந்தது. "போங்க, போங்க, அங்க உங்கட வேலையைப் பங்கு போடுறாங்க" என்றார்.

நான் கோயில் மண்டபத்தின் பக்கக் கதவால் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எஸ்தர் அக்கா, யோசேப்பு அண்ணன், அதிபர், இன்னும் சில பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் உடனே உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. எஸ்தர் அக்கா பேசிக்கொண்டிருந்தார்.

"செத்தாரோ, நின்னாரோ, அது பிறகு. புது போதகர் வர மாசக் கணக்காகும். அதுவரைக்கும் காலையில வாசல்ல ஜெபம் யாரு?"

"நாங்க ரெண்டு பேரும் மாறி மாறி பாக்குறோம்" என்றார்கள் இரண்டு பெண்கள். "அது ஒண்ணும் பெரிய வேலை இல்லியே."

பெரிய வேலை இல்லை! நான் வருடக்கணக்காக ஐந்து மணிக்கு எழுந்தது அதற்காகத்தான்.

"பிரசங்கம்?"

"நான் பாக்கிறேன்" என்றார் அதிபர். "பதினைஞ்சு நிமிசத்துல முடிச்சிடுவேன்." மண்டபத்தில் ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. துக்கப் பெருமூச்சு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"லக்கல?"

லக்கல என்னுடைய சிலுவை. காலை பஸ்ஸை விட்டால் வழியில்லை. யானை வருகிற பாதை. மாதம் தவறாமல் போனேன். அங்கே போய்வந்தால் இரண்டு நாள் முதுகு நிமிராது. அந்த இடத்துக்கு என்னைத் தவிர யார் போவார்கள்?

"நான் போறேன்" என்றார் யோசேப்பு அண்ணன். "எப்படியும் த்ரீவீல் இருக்கு. போய் வாசல்ல நின்னு பேசிட்டு வந்துடலாம். அந்தக்கா பாவம். ஐயா போனா கோழி அடிக்கணும். மாசம் ஒரு கோழி. போன தரம் முட்டையிடுற கோழியையே அடிச்சிட்டாங்க. 'இவரு ஒரு மாசம் வராம இருக்க மாட்டாரா'ன்னு எங்கிட்ட சொல்லி அழுதாங்க."

"எங்க லயத்துலயும் அப்படித்தான்" என்றார் ஒரு பெண். "ஐயா வர்றாருன்னா வேலை விட்டு வந்து வீடு மெழுகணும், கப் கழுவணும், சீனி வாங்கணும். நல்ல மனுசன், வராதீங்கன்னு சொல்ல மனசு வருமா? இனி எங்க வரப்போறாரு." சொல்லிவிட்டு அவர் உண்மையாகவே அழுதார்.

கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் என்னைக் களைக்க வைத்ததாக மட்டுமே நினைத்திருந்தேன். ஒரு சபையையே களைக்க வைத்திருக்கிறேன். எனக்காகக் கோழி அடித்தவர்களும், கோழி தின்ன முடியாமல் தின்ற நானும், ஒருவரையொருவர் அன்பாலேயே அரைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். யாரும் முதலில் நிறுத்தத் துணியவில்லை.

"சரி, எல்லாரும் எழும்புங்க. ஜெபிச்சு ஒப்புக்கொடுப்போம்" என்றார் எஸ்தர் அக்கா. ஜெபித்தார்கள். அவர்கள் கண்ணைத் திறந்தபோது நான் உள்ளே நின்றேன். வெள்ளை அங்கியோடு.

யோசேப்பு அண்ணன் அடுக்கி வைத்திருந்த கதிரைகளின் மேல் சாய்ந்து, அவற்றோடு விழுந்தார். அழுத பெண் இன்னும் பலமாக அழுதார். அதிபர் கையை நீட்டி, "பாத்தீங்களா! நான் சொன்னேனே! இளைப்பாறினவரு நடமாடுவாரு!" என்று கத்தினார். வாழ்நாளில் ஒரு விவாதத்தில் அவ்வளவு தெளிவாக வென்ற மனிதரை நான் கண்டதில்லை.

எஸ்தர் அக்கா மட்டும் அசையவில்லை. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"உசுரோட இருக்கிறவரு ஏன் ஐயா குடும்பத்துக்காக ஜெபிங்கன்னு போட்டீங்க?"

"பழக்கம் அக்கா."

"போனை ஏன் ஓஃப் பண்ணினீங்க?"

"தூங்கினேன்."

"தூங்கினேன்னு போட ஏலாதா? அஞ்சு எழுத்து!"

யோசேப்பு அண்ணன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஐயா, ரிவர்ஸ்டன் வரைக்கும் சொல்லிட்டேனே ஐயா. இனி எந்த முகத்தோட போய் இல்லன்னு சொல்வேன்?" என்றார். அவருடைய கண் நனைந்திருந்தது. பிறகு தேநீரும் பணிஸ் ரொட்டியும் வந்தன. மரண வீட்டுக்குச் செய்தவை, வீணாக்க முடியாது. மாலை போடுவதா, வளையம் வைப்பதா என்று வெளியே மறுபடி சர்ச்சை தொடங்கியது. கடைசியில் மாலையைக் கழுத்தில் போட்டு, வளையத்தைக் காலடியில் வைத்தார்கள். அந்தக் கோலத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

இனி நான் சொல்லப் போவதுதான் உங்களுக்கு முக்கியம். எல்லோரும் அமர்ந்த பிறகு, நான் எழுந்து, தூக்கமெல்லாம் தெளிந்த குரலில், "உங்களைச் சிரமப்படுத்திவிட்டேன். நாளைக் காலையிலிருந்து எல்லா வேலையையும் வழக்கம்போல நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். கேட்டீர்களா? வியாழக்கிழமை விட்டுவிடுவதாக இருந்தவன்! வேலையைத் தூக்கியெறிய நினைத்தேன். ஆனால் இன்னொருவர் அதை எடுத்துக்கொண்டதும், பிடுங்கிக்கொள்ளக் கை நீண்டது. நம் சோர்வுக்குள் எவ்வளவு பெருமை ஒளிந்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"ஏலாது ஐயா" என்றார் எஸ்தர் அக்கா.

"ஏன்?"

"ஜெபிச்சு ஒப்புக்கொடுத்தாச்சு."

மண்டபம் முழுவதும் தலையாட்டியது. அந்தச் சட்டத்தைப் போட்டது நான். சபைக் கூட்டங்களில் முடிந்த விடயத்தை மறுபடி கிளறுகிறவர்களின் வாயை அடைக்க, ஜெபித்து எடுத்த முடிவை யாரும் மாற்றக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். சுவருக்கு வெள்ளை பூசுவதா மஞ்சள் பூசுவதா என்ற சண்டையைக்கூட அப்படித்தான் முடித்தேன்.

"நான் இறந்துவிட்டதாக நினைத்து எடுத்த முடிவு அக்கா அது."

"ஜெபிச்சதுக்குப் பிறகுதானே நீங்க உள்ள வந்தீங்க? முந்தி வந்திருந்தா யோசிச்சிருக்கலாம்."

'நான் இந்தச் சபையின் போதகர்' என்ற வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அதை அப்போது சொல்லாமல் விட்டது என் ஊழியத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. உள்ளதைச் சொன்னால், அது என் ஞானம் அல்ல. வாயில் பணிஸ் இருந்தது. ஆனால் மென்று விழுங்கும் நேரத்தில் அந்த வாக்கியம் கரைந்துபோனது. அவசரத்தில் வாயைத் திறக்கத் தோன்றும் வேளைகளில் எதையாவது மென்றுகொண்டிருங்கள் என்பதைத் தவிர எனக்குப் பெரிய அறிவுரை இல்லை.

"அப்ப எனக்கு என்ன வேலை?" என்றேன்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் உடனே ஒன்றும் தோன்றவில்லை. அது வலித்தது, மறைக்க மாட்டேன்.

"கல்யாணம், ஞானஸ்நானம், திருவிருந்து, அடக்கம். அது எங்களால பண்ண ஏலாது, ஐயாதான் வேணும்" என்றார் எஸ்தர் அக்கா. "மாசத்துல ரெண்டு ஞாயிறு பிரசங்கம். மத்த ரெண்டு ஞாயிறு அதிபர் சேர்."

"யாரும் கூப்பிடாத வீட்டுக்கும் சும்மா வாங்க ஐயா" என்றார் அழுத பெண். "ஆனா சொல்லாம வாங்க. சொல்லிட்டு வந்தாத்தான் வீடு மெழுகணும்."

"செவ்வாய்க்கிழமை?" என்று கேட்டேன்.

யோசேப்பு அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "செவ்வாய்க்கிழமை ஐயா செத்தவரு. தோட்டம் முழுக்க அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். கிழமைக்கு ஒரு நாளாவது அது உண்மையா இருக்கட்டும். எனக்கும் முகம் மிஞ்சும்."

எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். எனக்கே அந்தச் சத்தம் புதிதாக இருந்தது.

அப்போதுதான் கிறேஸ் வாசலில் நின்றாள். பாடசாலை விட்டு பஸ்ஸில் வந்தவள், அலுவிகாரை வளைவிலேயே வெள்ளைக்கொடிகளைக் கண்டிருக்கிறாள். கொடிகள் எங்கள் வீடு வரைக்கும் வந்து நின்றதைக் கண்டிருக்கிறாள். பூட்டிய கேற்றையும் கண்டிருக்கிறாள். உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனவள் அவள்தான். சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. கழுத்தில் மாலையும் காலடியில் மலர்வளையமும் கையில் தேநீருமாக உட்கார்ந்திருந்த என்னை அவள் வெகுநேரம் பார்த்தாள். யோசேப்பு அண்ணன் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் உட்காரவில்லை.

"தூங்கினீங்களா?" என்றாள்.

"தூங்கினேன்."

"நல்லா?"

"நல்லா."

அதன் பிறகுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டேன், தடிமன் என்றாள்.

உங்களில் பலருக்கு ஊழியத்துக்கு வரும்போதே துணைவர்கள் இருப்பார்கள். நீங்கள் உங்களைத் தேய்த்துக்கொள்வது உங்கள் சொந்த விடயம் என்று நினைத்தால், வெள்ளைக்கொடிகளின் கீழே ஒரு பெண் நடந்து வந்த அந்தத் தூரத்தை நினைத்துப்பாருங்கள்.

கொடிகளை அவிழ்த்து முடிக்க இருட்டிவிட்டது. நஸார் நானா ஏணியைத் திருப்பி எடுக்க வந்து, ஒரு பொட்டலம் கராம்பு தந்துவிட்டுப் போனார். எஸ்தர் அக்கா எல்லோருக்கும் திருத்தச் செய்தி அனுப்பினார். 'போதகர் உயிரோடு இருக்கிறார். தூங்கினார்.' அவர் எழுதியதில் ஒரு சொல்கூட மிகையில்லை. வீட்டுக்குள் வந்து படுத்த பிறகு, வியாழக்கிழமை அவளும் வர வேண்டுமா என்று கிறேஸ் கேட்டாள். காலையில் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை நான் கண்விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. வாசலில் இரண்டு பெண்களின் குரல் கேட்டது. யாருடைய கன்றுக்குட்டிக்காகவோ ஜெபித்துக்கொண்டிருந்தார்கள், என்னைவிடச் சுருக்கமாகவும் நன்றாகவும். எழுந்ததும் முதல் வேலையாகத் தொலைபேசியைத் திறந்து கண்டிக்கு எடுத்தேன். என் எண்ணைப் பார்த்த மூத்த போதகர், "அம்மா, தைரியமா இருங்க. அடக்கத்துக்கு நானே வர்றேன்" என்றார். முந்தின நாள் கண்டிக்கும் என் மரணத்தை அறிவித்திருந்த எஸ்தர் அக்கா, அங்கே திருத்தம் அனுப்ப மறந்திருந்தார்.

"நான்தான் ஐயா பேசுறேன்" என்றேன்.

நடந்ததைச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை நான் வரவில்லை என்றேன்.

"என்ன விசயமா வர இருந்தீங்க?"

"ஊழியத்தை விடுறதுக்கு. இப்ப வேணாம். இங்க என் வேலை நல்லாக் குறைஞ்சிருச்சு."

"வேலை குறைஞ்சாத்தானே ஒரு ஆள் போகணும்?"

"குறைஞ்சதாலதான் ஐயா இருக்கேன்" என்றேன்.